கருந்துளையின் பிறப்புக்குச் சாட்சி சொல்லும் துணை விண்மீன்

செப்டம்பர் மாதத்தில் வானம் தெளிந்த ஓர் இரவு, ஒன்பது, பத்து மணியளவில் பினாங்கிலிருந்து வடக்கு நோக்கினால், சிலுவை வடிவில் ஒரு விண்மீன் கூட்டம் உயரத்தில் தெரியும். அதுதான் அன்னம் எனப்படும் சிக்னஸ் மண்டலம். ஜார்ஜ்டவுன் விளக்குகளின் வெளிச்சத்தில் அதன் முக்கிய விண்மீன்கள் மட்டுமே தெரியும். பாலிக் புலாவ், பந்தாய் ஆச்சே பக்கம் போனால் இன்னும் பல தென்படும். அன்னத்தின் நீண்ட கழுத்தில் ஈட்டா சிக்னி என்ற விண்மீன் இருக்கிறது. அதற்கு மிக அருகில், வெறுங்கண்ணுக்குத் தெரியாமல், சிறு தொலைநோக்கியில் மட்டும் சிக்கும் நீல விண்மீன் ஒன்று உண்டு. அதன் பட்டியல் எண் எச்.டி.இ. 226868.

அந்த நீல விண்மீன் தனியாக இல்லை. 5.6 நாளுக்கு ஒருமுறை, கண்ணுக்குத் தெரியாத ஒன்றைச் சுற்றி வருகிறது. அந்தத் தெரியாத ஒன்றுக்குச் சிக்னஸ் எக்ஸ்-1 என்று பெயர். கருந்துளை என்று அறிவியல் உலகம் முதன்முதலில் ஏற்றுக்கொண்ட பொருள் அதுதான்.

ஒளியையும் வெளியே விடாத ஒரு பொருளை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? யாரும் பார்க்காத அதன் பிறப்பு எப்படித் தெரிய வந்தது? இரண்டுக்கும் விடை சொல்வது அதன் துணை விண்மீன்தான்.

தட்டாமாலை சுற்றும் இருவர்

இரு பிள்ளைகள் கைகோத்துத் தட்டாமாலை சுற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருட்டு நேரம். ஒரு பிள்ளை வெள்ளை உடையில், மற்றது தலை முதல் கால் வரை கறுப்பில். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு வெள்ளை உடைப் பிள்ளை மட்டும் வட்டமடிப்பது தெரியும். ஆனால் யாரும் கையைப் பிடித்து இழுக்காமல் ஒருவர் அப்படிச் சுற்ற முடியாது. எவ்வளவு வேகமாக, எவ்வளவு பெரிய வட்டத்தில் சுற்றுகிறது என்று அளந்தால், எதிரே இருப்பவரின் எடையையும் சொல்லிவிடலாம்.

விண்மீன் நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதை அதன் ஒளியே காட்டிக்கொடுக்கும். ஆம்புலன்ஸ் நெருங்கும்போது அதன் ஒலி கூர்மையாகவும், கடந்து போனபின் தணிந்தும் கேட்கிறது அல்லவா? அதே டாப்ளர் விளைவு ஒளியிலும் உண்டு. நெருங்கும் விண்மீனின் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கமும், விலகும்போது சிவப்புப் பக்கமும் நகரும். 1971ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் லூயிஸ் வெப்ஸ்டர், பால் மர்டின் ஆகிய இருவரும், கனடாவில் தாமஸ் போல்ட்டனும் தனித்தனியே இந்தக் கோடுகளை அளந்தே 5.6 நாள் சுற்றைக் கண்டார்கள்.

நான்காம் படிவ இயற்பியலில் கெப்ளரின் மூன்றாம் விதியைப் படிக்கும் மாணவர்கள் இந்தக் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்கலாம். தொலைவைப் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தின் மடங்காகவும், காலத்தை ஆண்டாகவும் எடுத்துக்கொண்டால் விதி மிக எளிது: தொலைவின் கனத்தை, காலத்தின் வர்க்கத்தால் வகுத்தால், இரண்டு பொருள்களின் மொத்த நிறை சூரிய நிறைக் கணக்கில் கிடைக்கும்.

சிக்னஸ் எக்ஸ்-1க்கும் அதன் துணைக்கும் இடையே உள்ள தொலைவு 0.244. அதன் கனம் 0.01453. சுற்றுக்காலம் 5.6 நாள், அதாவது 0.01533 ஆண்டு. அதன் வர்க்கம் 0.000235. வகுத்தால் ஏறக்குறைய 62 வரும். இரண்டும் சேர்ந்து 62 சூரியன்களின் நிறை கொண்டவை.

இதில் மறைந்திருப்பதன் பங்கு எவ்வளவு? தட்டாமாலையில் எடை கூடியவர் சிறிய வட்டத்திலும், எடை குறைந்தவர் பெரிய வட்டத்திலும் சுற்றுவார்கள். நீல விண்மீன் சுற்றும் வட்டத்தின் ஆரம், இருவருக்கும் இடையே உள்ள தொலைவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே மறைந்திருப்பதன் நிறையும் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 21 சூரிய நிறை. மீதி சுமார் 41 அந்த விண்மீனுடையது.

21 சூரிய நிறை ஒரே இடத்தில் இருந்தும் அங்கே விண்மீன் எதுவும் தெரியவில்லை. ஆனால் அந்த இடத்திலிருந்து எக்ஸ் கதிர்கள் கொட்டுகின்றன. அவற்றை 1964இல் அமெரிக்காவிலிருந்து ஏவிய ஒரு ராக்கெட் முதலில் கண்டது. பூமியின் காற்று எக்ஸ் கதிரைத் தடுத்துவிடுவதால் தரையிலிருந்து அதைப் பார்க்க முடியாது. 1970 டிசம்பரில் கென்யாக் கடற்கரைக்கு அப்பாலிருந்து ஏவப்பட்ட உஹூரு செயற்கைக்கோள், அந்தக் கதிர் ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் கூடிக் குறைவதைக் காட்டியது. பிற்கால அளவீடுகளில் விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்திலும் மாற்றங்கள் தெரிந்தன. ஒளி அந்த நேரத்தில் 300 கிலோமீட்டர் மட்டுமே போகும். எனவே மினுக்கும் பகுதி அதைவிடப் பெரிதாக இருக்க முடியாது. சுழற்சியைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், 21 சூரிய நிறையுள்ள கருந்துளையின் குறுக்களவு சுமார் 124 கிலோமீட்டர். ஜார்ஜ்டவுனிலிருந்து ஈப்போவுக்கு நேர்கோடு போட்டால் ஏறத்தாழ அவ்வளவுதான்.

மதராஸ் மாணவர் போட்ட கணக்கு

விண்மீன் இவ்வளவு சிறிதாகச் சுருங்க முடியும் என்ற எண்ணத்துக்கு வழி திறந்தவர் ஒரு தமிழர். லாகூரில் 1910இல் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930 ஜூலையில் கேம்பிரிட்ஜில் மேற்படிப்புக்காகக் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது 19. எரிபொருள் தீர்ந்த விண்மீன்கள் வெண்குள்ளன் என்ற அடர்ந்த உருண்டையாகச் சுருங்கி நின்றுவிடும் என்பது அன்றைய நம்பிக்கை. பயணத்தின்போது சந்திரசேகர் சார்பியல் கோட்பாட்டைச் சேர்த்துக் கணக்கிட்டார். நிறை ஓர் எல்லையைத் தாண்டினால் வெண்குள்ளனால் தன் எடையைத் தாங்க முடியாது என்று விடை வந்தது. அந்த எல்லை சூரிய நிறையைப் போல் சுமார் 1.4 மடங்கு.

எல்லை தாண்டிய விண்மீன் என்ன ஆகும்? 1935 ஜனவரி 11ஆம் தேதி லண்டனில் அரச வானியல் கழகக் கூட்டத்தில் சந்திரசேகர் தம் முடிவைச் சொன்னபோது, அக்காலத்தின் தலைசிறந்த வானியலாளரான ஆர்தர் எடிங்டன் எழுந்து அதை எள்ளி நகையாடினார். இதில் ஒரு விந்தை உண்டு. அந்தக் கணக்கு சரியென்றால், ஒளியும் தப்ப முடியாத அளவுக்கு விண்மீன் சுருங்கிக்கொண்டே போகும் என்பதை எடிங்டன் நன்றாகவே புரிந்துகொண்டார். புரிந்துகொண்டு, அப்படி நடக்க இயற்கை இடம் தராது என்றார். அவருக்கிருந்த செல்வாக்கினால் அந்தப் பாதையில் ஆய்வு பல ஆண்டுகள் தேங்கியது.

வெண்குள்ளனுக்கு அடுத்த படியாக நியூட்ரான் விண்மீன் இருப்பது பின்னர் உறுதியானது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. இரண்டு, மூன்று சூரிய நிறைக்கு மேல் அதுவும் தாங்காது. 21 சூரிய நிறை அதைப் பலமடங்கு தாண்டியது. சிக்னஸ் எக்ஸ்-1 கருந்துளை அல்ல என்று 1974இல் கிப் தோர்னிடம் பந்தயம் கட்டிய ஸ்டீபன் ஹாக்கிங், 1990இல் தோல்வியை ஒப்புக்கொண்டார். சந்திரசேகருக்கு 1983இல் நோபல் பரிசு கிடைத்தது. 1999இல் விண்ணுக்குச் சென்ற எக்ஸ் கதிர் தொலைநோக்கிக்கு ‘சந்திரா’ என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

இளையவர் முந்துவது எப்படி?

இனி பிறப்புக்கு வருவோம். முதலில் இரட்டை விண்மீன்களின் வாழ்க்கையில் ஒரு புதிரைத் தெரிந்துகொள்ள வேண்டும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் வடக்கு வானில் பெர்சியஸ் மண்டலத்தில் அல்கோல் என்ற விண்மீனை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். ஏறக்குறைய 2 நாள் 21 மணி நேரத்துக்கு ஒருமுறை அது மங்கி, மீண்டும் ஒளிரும். ஒன்றையொன்று சுற்றும் இரண்டு விண்மீன்களில் மங்கலானது, ஒளிமிக்கதை மறைப்பதே காரணம்.

விண்மீன்களில் ஒரு விதி உண்டு: நிறை கூடினால் ஆயுள் குறையும். பெரிய விண்மீன் தன் எரிபொருளை ஊதாரித்தனமாகச் செலவழித்து விரைவில் முதுமை அடையும். இரட்டையர் இருவரும் ஒரே காலத்தில் பிறந்தவர்கள். ஆகவே நிறை கூடியதுதான் முதலில் முதுமை அடைய வேண்டும். அல்கோலில் நிலைமை தலைகீழ். 3.2 சூரிய நிறை கொண்டது இளமையோடு இருக்கிறது. 0.7 சூரிய நிறை கொண்டதோ முதுமையில் உப்பிப் போயிருக்கிறது.

இதற்கு விடை இதுதான்: இன்று மெலிந்திருப்பது ஒருகாலத்தில் கனமானதாக இருந்தது. அது முதுமை அடைந்து உப்பியபோது, அதன் வெளிப்புற வாயு துணையின் ஈர்ப்புக்குள் வழிந்து போய்விட்டது. தே தாரிக் ஆற்றுபவர் ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றுவதுபோல, ஒன்றின் நிறை மற்றதற்குப் போனது. கொடுத்தது மெலிந்தது, வாங்கியது பெருத்தது. நெருங்கிய இரட்டையரின் வரலாற்றைப் படிக்க இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் திறவுகோல்.

சிக்னஸ் எக்ஸ்-1 பிறந்த கதை

சில பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன், அன்ன மண்டலத்தில் விண்மீன்கள் கூட்டமாகப் பிறந்த ஓரிடத்தில் இரண்டு பெரிய விண்மீன்கள் இரட்டையராகத் தோன்றின. நிறை கூடிய மூத்தது விரைவாக எரிந்தது. உப்பிய அதன் ஹைட்ரஜன் மேலாடையில் ஒரு பகுதி துணைக்குப் போனது, ஒரு பகுதி விண்மீன் காற்றாக வெளியே சிதறியது. எஞ்சியது வெறும் உட்கரு. அதிலும் எரிபொருள் தீர்ந்து இரும்பு திரண்டதும், உள்ளிருந்து தாங்கும் வெப்ப அழுத்தம் போதாமல் போயிற்று. அந்த உட்கரு தன்மேலேயே சரிந்தது. கருந்துளை பிறந்தது.

இன்று அந்தக் கருந்துளை, துணையிடமிருந்து வீசும் காற்றின் ஒரு பகுதியைப் பிடித்து இழுக்கிறது. அந்த வாயு நேராக உள்ளே விழாமல், கழுவுதொட்டித் துளையைச் சுற்றும் நீர்போல வட்டமாகச் சுழன்று, தட்டு வடிவில் சேர்கிறது. உராய்வில் பல லட்சம் பாகை சூடேறுகிறது. எக்ஸ் கதிர் வருவது இந்தத் தட்டுப் பகுதியிலிருந்துதான். கருந்துளையிலிருந்து நேரே எதுவும் வருவதில்லை.

2021இல் இதன் தொலைவை மீண்டும் துல்லியமாக அளந்தார்கள். சுமார் 7,200 ஒளியாண்டு என்று வந்தது. முன்பு நினைத்ததைவிடத் தூரம் கூடியதால், சுமார் 15 சூரிய நிறை என்றிருந்த கருந்துளையின் கணக்கு 21 ஆக உயர்ந்தது. இதனால் விண்மீன் காற்றைப் பற்றிய கணக்கையே திருத்த வேண்டியதாயிற்று. 21 சூரிய நிறை மிஞ்ச வேண்டுமென்றால், அந்த மூத்த விண்மீன் காற்றாக இழந்தது நாம் எண்ணியதைவிடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும்.

வெடித்ததா, அமைதியாகச் சரிந்ததா?

பெரிய விண்மீன் சாகும்போது சூப்பர்நோவா என்ற மாபெரும் வெடிப்பு நிகழும் என்று படித்திருக்கிறோம். கருந்துளையாகும் எல்லா விண்மீனும் அப்படித்தான் வெடிக்கிறதா? விண்மீன் தனியாக இருந்திருந்தால் இந்தக் கேள்விக்கு விடையே கிடைக்காது. துணை இருப்பதால் விசாரிக்கலாம்.

தட்டாமாலை சுற்றும் ஒருவரின் எடை திடீரெனக் குறைந்தால் என்ன ஆகும்? மற்றவர் தடுமாறுவார், சுற்றும் வட்டம் கோணிப்போகும். விண்மீன் வெடித்து நிறையை வெளியே வீசினாலும் இதே கதிதான். வட்டப்பாதையில் சுற்றும் இரட்டையரின் மொத்த நிறையில் பாதிக்கு மேல் ஒரே கணத்தில் வெளியேறினால், இருவரும் பிரிந்தே போவார்கள். பாதிக்குக் குறைவாகப் போனால், பாதை நீள்வட்டமாகும், இணையும் உதைத்து எறியப்பட்டதுபோல் ஒரு திசையில் ஓடும்.

சிக்னஸ் எக்ஸ்-1இன் பாதை ஏறக்குறைய சரியான வட்டம். பிறந்த கூட்டத்து விண்மீன்களோடு கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் அது நகர்கிறது. உதை வாங்கிய அடையாளம் எதுவும் இல்லை. ஆகவே அதன் மூத்த விண்மீன் பெரிய வெடிப்பின்றி, விளக்கு அணைவதுபோல் இருட்டில் சரிந்திருக்க வேண்டும் என்று 2003இல் ஃபெலிக்ஸ் மிராபெல், இராபுவான் ரோட்ரிகஸ் ஆகிய இருவரும் எழுதினார்கள்.

2024 அக்டோபரில் இன்னொரு சாட்சி கிடைத்தது. அதே அன்ன மண்டலத்தில் வி404 சிக்னி என்ற கருந்துளை, ஒரு சிறு விண்மீனோடு 6.5 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. இந்த இணையை வெகு தொலைவிலிருந்து மூன்றாவது விண்மீன் ஒன்று சுற்றி வருவது தெரிந்தது. அதன் தூரம் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் சுமார் 3,500 மடங்கு. ஒரு சுற்றுக்குச் சுமார் 70,000 ஆண்டுகள். அவ்வளவு தொலைவில் ஈர்ப்புப் பிடி நூலிழைதான். கருந்துளை பிறந்தபோது சிறு உதை கிடைத்திருந்தாலும் நூல் அறுந்திருக்கும். அறுபடவில்லை. அங்கும் மரணம் அமைதியாகத்தான் நடந்திருக்கிறது.

எல்லாக் கருந்துளையும் அப்படியில்லை. விருச்சிக மண்டலத்தில் ஜி.ஆர்.ஓ. ஜே1655-40 என்ற கருந்துளை இணை, விநாடிக்குச் சுமார் 112 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதன் துணை விண்மீனின் மேற்பரப்பில் ஆக்சிஜன், மெக்னீசியம், சிலிக்கன், கந்தகம் ஆகியவை வழக்கத்தைவிட மிகுந்திருப்பதை 1999இல் கண்டார்கள். அந்தச் சிறு விண்மீனால் இவற்றைத் தானே சமைக்க முடியாது. அருகில் பெரிய விண்மீன் வெடித்தபோது தெறித்த சாம்பல் அதன் முகத்தில் படிந்திருக்கிறது. நடந்த வெடிப்பை அது இன்றும் சுமந்து நிற்கிறது.

ஆக, கருந்துளை பிறக்க இரு வழிகளும் உண்டு. எது நடந்தது என்பதைத் துணையின் பாதை, வேகம், மேற்பரப்பு ஆகிய மூன்றும் சொல்கின்றன.

இன்னும் அவிழாத முடிச்சு

எக்ஸ் கதிர் வந்தால்தான் கருந்துளையைக் கண்டுபிடிக்க முடியும் என்ற நிலையும் மாறிவிட்டது. துணை விண்மீன் வானில் அசைவதை மட்டும் அளந்து, ஐரோப்பாவின் கையா விண்கலம் அமைதியான கருந்துளைகளைக் காட்டியது. 2022இல் அறிவிக்கப்பட்ட கையா பிஎச்1, நமக்குத் தெரிந்தவற்றுள் மிக அருகில் உள்ளது. தொலைவு சுமார் 1,560 ஒளியாண்டு, நிறை ஏறக்குறைய 9.6 சூரியன். சூரியனைப் போன்ற ஒரு விண்மீன் அதை 186 நாளில் சுற்றுகிறது.

இந்த இணை பழைய பாடத்தைக் குழப்புகிறது. கருந்துளையான அந்தப் பெரிய விண்மீன் முதுமையில் உப்பியபோது, இந்தச் சிறு விண்மீன் இருக்கும் இடத்தையே விழுங்கியிருக்க வேண்டும். விழுங்கியிருந்தால், வாயுவுக்குள் உராய்ந்து உராய்ந்து அது மிக நெருக்கமாகச் சென்றிருக்கும், அல்லது முழுதாகக் கரைந்திருக்கும். இப்போது அது இருக்கும் தூரம் இரண்டுக்கும் ஒத்துவரவில்லை. மூன்றாவது விண்மீன் தலையிட்டதா, விண்மீன் கூட்டத்துக்குள் இணை மாறியதா, உப்பிய நிலையைப் பற்றிய நம் கணக்கே தவறா என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். அதே கணக்கை மாணவர்கள் இங்கும் போடலாம்: தொலைவு 1.4, காலம் 0.508 ஆண்டு. மொத்த நிறை எவ்வளவு வருகிறது? அதில் துணை விண்மீனின் நிறை எவ்வளவு?

இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள் 2015 செப்டம்பர் 28ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டு, சிக்னஸ் எக்ஸ்-1ஐயும் ஆராய்ந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பு, செப்டம்பர் 14ஆம் தேதி, அமெரிக்காவின் லைகோ கருவிகள் முதல் ஈர்ப்பலையைப் பதிவு செய்தன. 36, 29 சூரிய நிறையுள்ள இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றான அதிர்வு அது. இரண்டும் சேர்ந்தால் 65 வரவேண்டும். பிறந்த கருந்துளையோ 62தான். மீதி 3 சூரிய நிறை அலையாகப் பரவிவிட்டது. மகாராஷ்டிர மாநிலத்தின் ஹிங்கோலி மாவட்டத்திலும் இத்தகைய கருவியை நிறுவ 2023இல் இந்திய அரசு ஒப்புதல் தந்தது.

அந்த இரு கருந்துளைகளும்கூட ஒருகாலத்தில் இரட்டை விண்மீன்களாக ஒளிர்ந்திருக்கலாம். சிக்னஸ் எக்ஸ்-1இன் நீலத் துணையும் நெடுநாள் வாழப்போவதில்லை. 40 சூரிய நிறை கொண்ட அதன் எரிபொருள் வேகமாகத் தீர்ந்துவருகிறது. ஒருநாள் அதுவும் சரியும். பிறகு அந்த இடத்தில் தொலைநோக்கி வைத்துப் பார்த்தால் எந்த விண்மீனும் தெரியாது. இதுவரை சாட்சி சொன்ன ஒளி அங்கே நின்றுபோயிருக்கும். இருவரும் பிரியாமல் தொடர்ந்து சுற்றினால், அவர்களிடமிருந்து இடைவிடாமல் கிளம்பும் மெல்லிய ஈர்ப்பலை ஒன்றுதான் மிச்சமிருக்கும் சாட்சி.